பாதிக் கடிகாரம்

இடது கண்ணை மூடினால் மணி பத்து நாற்பது. வலது கண்ணை மூடினால் மணியே இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த வட்டக் கடிகாரத்தைக் கோகிலவாணி மூன்றாவது தடவையாகச் சோதித்துப் பார்த்தாள். வலது கண்ணுக்குக் கடிகாரத்தின் இடது பாதி மட்டும் தெரிந்தது. முட்கள் இரண்டும் அந்தப் பாதியில்தான் இருந்தன. இடது கண்ணுக்கு மற்ற பாதி. அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வேலையில்லாமல் நின்றிருந்தன. நொடிமுள் மட்டும் பன்னிரண்டில் எங்கிருந்தோ முளைத்து, வழுக்கிக்கொண்டு இறங்கி, ஆறில் விழுந்து காணாமல் போனது. முட்களுக்கு நடுவே எண்பது டிகிரி. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த நாக்கு தானாகச் சொல்லியது. இரண்டு கண்ணையும் திறந்தால் கடிகாரம் முழுசாகிவிடும். அதுதான் இதில் உள்ள ஏமாற்று. நேராகப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் இல்லை. சக்கர நாற்காலிக்கு இடப்புறம் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், வலப்புறம் தூணோரம் லோகநாதன் நின்று போன் பேசுகிறான், பெற்றவளும் கட்டியவனும் இரண்டு பக்கமும் காவல் இருக்கிறார்கள், ஆனால் தலையைத் திருப்பாதவரை இரண்டு பேரும் இல்லை. யாரோ இரண்டு பக்கக் கதவையும் மெல்லச் சாத்திக்கொண்டே வருகிறார்கள். இன்று காலையில் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டபோது மாமியார் சொன்னாள், ஏழு மாசத்தில் எல்லாருக்கும் நடை தடுமாறும் என்று. மேசை ஓரத்தில் வைத்ததாக நினைத்த டம்ளர் காற்றில் வைக்கப்பட்டு உடைந்தபோது, கண்ணாடி உடைந்தால் கண்ணேறு கழிந்தது என்று சொன்னாள். எது நடந்தாலும் சொல்வதற்கு ஒன்று அவர்களிடம் தயாராக இருந்தது. மூக்குத் தண்டுக்குப் பின்னால், இரண்டு கண்ணுக்கும் நடுவில், உள்ளிருந்து ஒரு கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது. அதற்கும் ஒன்று சொல்லியிருந்தார்கள்: பூச்சரத்தின் பாரம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே குளிர் ஊசியாகக் குத்தியது. ஈரோட்டில் வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, இங்கே நிலவறையில் இயந்திரத்துக்காகக் குளிர்விக்கிறார்கள், மனிதர்களுக்கு ஒரு போர்வை. கையில் சொட்டு மருந்து இறங்கியது. பிரஷர் ஏறியிருக்கும் என்று பார்த்தார்கள், இறங்கியிருந்தது. மேலே அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர், நஸ்ரின் என்று பேர் எழுதிய கோட்டு, மூளை நரம்பில் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்றாள். உடனே. அது ஒன்பதே முக்காலுக்கு. காதில் மூக்கில் இருந்ததெல்லாம் கழற்றினார்கள். தாலியைக் கழற்ற ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. மஞ்சள் துண்டு கட்டிய கயிறு ஒன்றை நர்ஸ் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், தினமும் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பழகியவள்போல. கண்ணாடி வளையல்கள் இருக்கட்டும், ஒன்றும் செய்யாது என்றான் ஸ்கேன் எடுக்கும் ஸ்டீபன். காப்பைப் பார்த்ததும்தான் நிறுத்தினான். நேற்று வியாழக்கிழமை வளைகாப்பில் மாமியார் வீட்டு வழக்கப்படி போட்ட ஐம்பொன் காப்பு. அதற்குக் கொக்கி கிடையாது. ஆசாரி வீட்டுக்கே வந்து, கையில் ஏற்றி, இரண்டு முனையையும் நெருக்கி அடைத்துவிட்டுப் போவார். பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதே ஆசாரி வந்து நெகிழ்த்த வேண்டும். நடுவில் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது. என்ன உலோகம் என்று தெரியாமல் காந்தத்துக்குள் விட முடியாது என்றான் ஸ்டீபன். சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். வீங்கிய கையில் அது நகரவில்லை. லோகநாதன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். பாவாயம்மாள் கோயில் பூசாரிக்குப் போட்டாள். பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அதற்குள் காப்பில் கை வைக்கக் கூடாது, பன்னிரண்டு அடித்ததும் ஆசாரி கையாலேயே எடுத்துவிடலாம், அவர் கோபியிலிருந்து வண்டியில் கிளம்பிவிட்டார். லோகநாதன் குனிந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி இருந்தது. "ஒண்ணேகால் மணி நேரந்தான் வாணி. பல்லைக் கடிச்சுக்கோ." இவள் முறையில் முட்டிவலிக்காரர் ஒருவர் உள்ளே போனார். போகும்போது இவளைப் பார்த்து, பாவம், என்று உச்சுக்கொட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் அவருடைய முட்டிக்காகத் தட்டத் தொடங்கியது, டக், டக், டக், டக். பன்னிரண்டு மணிக்கு முட்களுக்கு நடுவே பூஜ்யம் டிகிரி. அப்போது வலது கண்ணா, இடது கண்ணா, எது அதைப் பார்க்கும்? நட்ட நடுவில் நிற்கிற முள்ளை எந்தக் கண்ணும் பார்க்காமல் போகலாம். பூசாரியைக் கேட்டார்கள், ஆசாரியைக் கேட்டார்கள், பஞ்சாங்கத்தைக் கேட்டார்கள். கை யாருடையதோ அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாய் என்று கட்டைவிரல் உள்ளிருந்து அழுத்தியது. நீதான் ஒன்பதே முக்காலுக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்தாயே.

அதை நினைக்கக் கூடாது என்று வேறு எதையாவது நினைத்தாள். போர்வையில் பினாயில் வாசனை. அம்மாவின் சேலையில் நேற்றைய சந்தன வாசனை. சந்தனத்துக்கு அடியில் இன்னொரு வாசனை, புளித்த பாலின் வாசனை, அது இங்கே இல்லை, ஏழு வருஷத்துக்கு முந்தியது. எம்.எஸ்ஸி. முதல் வருஷம், வயது இருபத்தொன்று. துணி துவைக்கப் போட்ட உள்ளாடையில் இரண்டு வட்டக் கறை. அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டாள். தங்கமணி மகளைக் கை நீட்டி அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அடித்ததுகூடப் பெரிதில்லை. "யாரு அவன்?" என்று கேட்டாளே. கல்யாணமாகாத பெண்ணின் மார்பில் பால். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டிய அந்தக் கண்கள். நாலு மாதமாக வீட்டு விலக்கே இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. அவன் என்று யாரும் இல்லை, யாருமே இல்லை என்று இவள் அழ அழ, அந்த அழுகையையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனார்கள்; முதலில் பார்த்தது கர்ப்பம் உண்டா என்று. இல்லை என்று சீட்டு வந்தபோது அம்மா அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகளுக்கு என்ன நோய் என்று இன்னும் தெரியாது, ஆனாலும் ஒற்றிக்கொண்டாள். நோய் பரவாயில்லை, அதாவது. நோய் எவ்வளவோ மேல். அந்த டாக்டர் நரைத்த மனுஷர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஒரு பட்டாணி. பிட்யூட்டரி சுரப்பி. உடம்பிலுள்ள மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. அதில் சின்னதாக ஒரு கட்டி, புற்று இல்லை, பயப்பட வேண்டாம், அது தப்பாகப் பாலுக்கு உத்தரவு கொடுக்கிறது, அவ்வளவுதான். பட்டாணிக்கு மேலே குறுக்காக இரண்டு கோடு போட்டார். கண் நரம்புகள், இங்கேதான் ஒன்றையொன்று கடந்து போகின்றன, கட்டி வளர்ந்து இவற்றை முட்டினால் இரண்டு ஓரமும் முதலில் மறையும் என்றார். வாரத்துக்கு இரண்டு மாத்திரை. பட்டாணி செய்த தப்புக்கு இவள் கன்னத்தில் அறை. யாராவது அதற்கு மன்னிப்புக் கேட்டார்களா? அடுத்த நாள் அம்மா ஒப்பிட்டுப் போளி சுட்டுக் கொடுத்தாள். வெல்லம் தூக்கலாகப் போட்டு. மன்னிப்பு அந்த வீட்டில் எப்போதும் வெல்லமாகத்தான் வரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று பேச்சுக்குச் சொல்வதுண்டு. தங்கமணி ஒரு பட்டாணியைக் கல்யாணத்தில் மறைத்தாள். சொன்னால் என்ன என்று இவள் கேட்காமல் இல்லை. மாப்பிள்ளை படித்தவர், பவானி பக்கம் சொந்தத்தில் தறிப்பட்டறை, புரிந்துகொள்வார் என்றாள். "மூளையில கட்டின்னா மூளையே கோளாறும்பாங்க. மார்ல பால்னா அதுக்கு வேற பேரு வெப்பாங்க. ரெண்டுல எது உனக்கு வேணும் அம்மிணி?" என்று அம்மா கேட்டாள். பதில் இல்லாத கேள்வியைக் கேட்பது ஒரு வித அதிகாரம். அந்த ஸ்கேன் காகிதம் அம்மாவின் பீரோவுக்குப் போனது. மாத்திரை, நாப்கின் பொட்டலத்துக்குள் போனது. வீட்டில் ஒரு ஆணும் தொடாத ஒரே இடம். செவ்வாயும் வெள்ளியும், புருஷன் பட்டறைக்குப் போனபின், குளியலறையில் நின்று விழுங்கினாள். தன் உடம்புக்கான மருந்தைத் திருடியைப்போல விழுங்கினாள். அந்த மாத்திரையால்தான் விலக்கு ஒழுங்காயிற்று, அந்த மாத்திரையால்தான் இந்தப் பிள்ளை தங்கியது, ஆனால் பெயர் என்னவோ பண்ணாரியம்மனுக்குப் போனது. போகட்டும், அம்மனோடு போட்டிக்கு நிற்க முடியுமா. நாள் தள்ளியதும் கோயம்புத்தூர் டாக்டருக்குப் போன் செய்தாள். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வயிற்றில் பிள்ளை வளரும்போது அந்தச் சுரப்பியும் சேர்ந்து பெருக்கும், மாதா மாதம் வந்து காட்டு, திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலித்தாலோ பார்வை குறைந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே, கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கும், அது உயிர் விஷயம் என்றார். மாதா மாதம் கோயம்புத்தூருக்கு என்ன காரணம் சொல்லிப் போவது? மாமியார் வீட்டில் மூன்று தலைமுறை பிள்ளை பெற்ற நர்சிங் ஹோம் ஒன்று இருந்தது. அங்கே எல்லாம் நார்மல், நார்மல் என்று எழுதினார்கள். நேற்றுச் சாயங்காலம் வாடிய பூவைத் தலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. வலி என்று அதற்குப் பேர் வைப்பது கஞ்சத்தனம். மண்டைக்குள் பாறைக்கு வெடி வைத்தார்கள். கலந்த சாதம் ஏழும் வாந்தியாக வந்தன. பாவாயம்மாள் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை, பார்த்தாயா எத்தனை கண் பட்டிருக்கு என்று கூடியிருந்தவர்களிடம் காட்டினாள். இவளுக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவும் இவளைப் பார்த்தாள். பிறகு அம்மா தைலம் எடுத்துவரப் போனாள்.

டக், டக், டக். முட்டிக்காரருக்கு இன்னும் முடியவில்லை. வயிற்றில் பிள்ளை ஒரு பக்கமாகப் புரண்டது. பெண்ணாக இருந்தால், அதன் மார்பிலும் ஒரு நாள் எதையாவது முகர்ந்து பார்ப்பார்கள். பார்வை போய்விட்டால் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது? நேராக வைத்துக்கொண்டால் தெரியும், பக்கத்தில் உருண்டால் தெரியாது; பிள்ளைகள் பக்கத்தில்தான் உருளும். உயிர் போய்விட்டால்? போனால் வேறு கதை சொல்லுவார்கள், காப்பு கழற்றியதால் போனாள் என்று, அல்லது கழற்றாமல் வைத்திருந்தும் போய்விட்டாளே, எத்தனை புண்ணியவதி என்று. எண்பத்தைந்து டிகிரி. மணி பதினொன்று பத்து ஆகியிருந்தது. இப்போது வலது கண்ணுக்குச் சின்ன முள் மட்டும், இடது கண்ணுக்குப் பெரிய முள் மட்டும். ஒரு கண் மணி சொன்னது, மற்றது நிமிஷம் சொன்னது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எழுத்துகள் காலையில் இதைவிடத் தெளிவாக இருந்தன; ஸ்கேன் கதவில் எழுதியிருந்த எச்சரிக்கையின் வரிகள் இப்போது ஈரத்தில் கசிந்தவைபோல் இருந்தன. ஒன்பதே முக்காலுக்கு அந்தச் சின்னப் பெண் நஸ்ரின், கண்ணுக்குள் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டாள், முன்னால் ஏதாவது பிரச்சினை இருந்ததா, ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று. நேராக இவளைப் பார்த்துத்தான் கேட்டாள். கேட்க வேண்டியவர்கள் யாருமே கேட்காத கேள்வி. இவள் வாயைத் திறப்பதற்குள் இடப்பக்கத்து இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஒண்ணுமில்லீங்க டாக்டர். கல்லாட்டம் இருந்த புள்ளைங்க." லோகநாதன் கட்டில் காலருகே நின்றிருந்தான். அவன் நிற்காமலிருந்தால் அம்மா சொல்லியிருப்பாளோ? இவள் சொல்லியிருப்பாளோ? அம்மாவின் மேல் பழியைப் போடுவது சுலபம், அம்மா என்பவள் பழிபோடத் தோதாக எப்போதும் கிட்டேயே இருக்கிறாள். ஆனால் நாக்கு இவளுடையதாயிற்றே. ஏழாம் வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை முட்டிபோடச் சொன்ன நாக்கு. மூன்று வருஷம் ஒரே பாயில் படுத்தவனுக்குப் பயந்து, பார்வையையும் உயிரையும் பணயம் வைத்துப் பேசாமல் கிடந்த நாக்கு. அவன் கெட்டவனும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தாலாவது பயத்துக்கு ஒரு மரியாதை இருக்கும். இவன் நல்லவன், அம்மா சொல்லைத் தட்டாதவன், ராகுகாலத்தை நம்புகிறானா என்று கேட்டால் சிரிப்பான், ஆனால் பன்னிரண்டுவரை காத்திருப்பான். நம்பாத ஒன்றுக்காக இவளுடைய கண்ணை ஒன்றேகால் மணி நேரம் அடகு வைக்கிறான். பூசாரிக்கு ராகு. அம்மாவுக்கு ஊர் வாய். எல்லாருடைய பயமும் இவள் மண்டைக்குள் வந்துதான் தங்க வேண்டுமா? இருக்கிற இடமோ ஒரு பட்டாணி அளவு.

கதவு திறந்தது. முட்டிக்காரர் வேட்டியைச் சரிசெய்தபடி வந்தார். ஸ்டீபன் அடுத்த பேரை வாசித்தான். அது இவள் பேர் இல்லை. லோகநாதன் போனில், ஆசாரி கவுந்தப்பாடி தாண்டிவிட்டாராம் என்று தன் அம்மாவிடமோ தனக்கோ சொல்லிக்கொண்டான். கவுந்தப்பாடி. கோபியிலிருந்து ஈரோடு வரைக்கும் உள்ள ஒவ்வொரு வேகத்தடையையும் இவள் மண்டையில் உணர்ந்தாள். பக்கக் கதவுகள் இன்னும் ஒரு விரற்கடை நெருங்கின. தன் குரல் முதலில் தனக்கே யாருடையதோபோலக் கேட்டது, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற அந்தக் குரல். "ஏனுங்க ஸ்டீபன், மேல இருக்கற டாக்டரம்மாவக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டன்னு சொல்லுங்க." என்ன வாணி, என்ன பண்ணுது என்று வலப்பக்கத்துக் குரல் பதறியது. நஸ்ரின் ஓடித்தான் வந்தாள், இன்னுமா உள்ளே போகவில்லை என்று ஸ்டீபனிடம் சீறிக்கொண்டே வந்தாள். வந்து எதிரே, தெரிகிற இடத்தில், குந்தி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததற்காக இவளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலிருந்தது. "டாக்டர், எனக்குப் பிட்யூட்டரியில கட்டி இருக்குங்க. ஏழு வருசமா. மாசமானதும் மாத்திரைய நிறுத்தினாங்க. கட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சா இப்படி வலிக்கும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு கண்ணுலயும் ஓரம் தெரியல. காலையில நீங்க கேட்டப்ப நான் சொல்லல." சொல்லி முடிக்க இவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆகும் என்பது இவளுக்குத் தெரியாது. ஏழு வருஷம் மறைத்ததைச் சொல்ல, நொடிமுள் ஒரு பாதியைச் சுற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா, எவ்வளவு பெரிய கட்டி என்று தெரிந்தால் நல்லது என்றாள் நஸ்ரின். இவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அது சத்தியமங்கலத்தில், அம்மா வீட்டுப் பீரோவில். அப்போது இடப்பக்கம் பை ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. தலையை முழுசாகத் திருப்பினாள். அம்மா மடியிலிருந்த பைக்குள் கையை விட்டு, மாற்றுச் சேலைக்கு அடியிலிருந்து, கோயம்புத்தூர் டாக்டரின் பெயர் அச்சடித்த அந்தப் பழுப்பு உறையை எடுத்தாள். வளைகாப்புக்கு வந்தபோதே எடுத்து வந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் தைலம் தடவியபோது அது பக்கத்து அறையில் இருந்திருக்கிறது. கல்லாட்டம் இருந்த புள்ளை என்று சொன்னபோது அது அவள் மடியில் இருந்திருக்கிறது. இந்த ஒன்றரை மணி நேரமும் அடைகாக்கிற கோழிபோல அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். உறையை நீட்டினாள். "அம்மிணி," என்றாள், அதற்குமேல் வெல்லம் எதுவும் கையில் இல்லாததால் நிறுத்திவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே இவள் உருகியிருப்பாள். இப்போது உருகுவதற்கு நேரமில்லை. உறையை வாங்கி டாக்டரிடம் கொடுத்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. நடந்திருக்க வேண்டிய வேகத்தில், ஒன்றரை மணி நேரம் பிந்தி. சுரப்பி வேலையை நிறுத்தியிருந்தால் உடம்பு தாங்காது, அதனால்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது, ஸ்டீராய்டு ஊசியை இப்போதே போட வேண்டும், ஸ்கேன் முடிந்ததும் மூளை அறுவை டாக்டரும் கண் டாக்டரும் பார்ப்பார்கள் என்றாள் நஸ்ரின். நர்ஸ் அங்கேயே, நடைவழியிலேயே, ஊசியை ஏற்றினாள். பார்வை திரும்புமா என்று இவள் கேட்டதற்கு, சீக்கிரம் பார்த்தால் பல பேருக்குத் திரும்பும் என்றாள். சீக்கிரம் என்ற சொல்லின் மேல் அவள் குரல் கொஞ்சம் தடுக்கியது. இவள் காப்புக் கையை ஸ்டீபனிடம் நீட்டினாள். வெட்டுங்க என்றாள். லோகநாதன் குறுக்கே வந்தான், ஆசாரி வந்துகொண்டே இருக்கிறார், அம்மாவிடம் ஒரு வார்த்தை. "இது என்னோட கைங்க மாமா," என்றாள், சத்தம் போடாமல். ஸ்டீபன் லிப்ட் மெக்கானிக்கிடமிருந்து கட்டிங் பிளேயர் வாங்கி வந்தான். மூன்று தலைமுறைக் காப்பு மூன்று நெருக்கில் விட்டுக்கொடுத்தது. வெட்டின முனை மணிக்கட்டில் ஒரு கீறல் போட்டது. கண்ணாடி வளையல்கள் ஒன்றுகூட உடையவில்லை. மணி பதினொன்று இருபது. நூற்று நாற்பது டிகிரி. ராகுகாலம் தீர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. தள்ளுபடுக்கையில் ஏற்றி இரும்புக் கதவை நோக்கித் தள்ளினார்கள். சக்கரங்களோடு கூடவே, வலப்பக்கத்தில், செருப்புச் சத்தம் வந்தது. கோபமில்லாத, உண்மையிலேயே புரியாத, நல்லவனுடைய குரலில் லோகநாதன் கேட்டான்: "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே வாணி?" முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால்தான் அவன் தெரிவான். அவள் திருப்பவில்லை.